பாம்புக் கனவும் பென்சீன் வளையமும்

கரிம ரசாயனத்தைப் பயிலப் புகும் நம் மாணவ மாணவியருக்கு, அந்தச் சாஸ்திரத்தின் மற்ற விஷயங்களெல்லாம் தேர்வோடு மறந்துபோன பிறகும் மறவாமல் மனத்தில் தங்கிவிடுவது ஒரு கதை. கெக்குலே என்னும் ஜெர்மானிய ரசாயனி கணப்பின் முன்னே அமர்ந்தபடி கண்ணயர்ந்தார். அவருடைய மனக்கண்ணில் அணுக்கள் சர்ப்பங்களைப் போல நெளிந்தாடின. அவற்றுள் ஒன்று தன் வாலைத் தானே கவ்விக்கொண்டு சுழன்றது. திடுக்கிட்டு விழித்தவர், பென்சீன் மூலக்கூறு ஒரு வளையம் என்று கண்டுகொண்டார். கதை சுவையானது, சொல்லுவதற்கு எளியது, கேட்பவரை மயக்குவது. பென்சீன் வளையத்தைப் பற்றிய கட்டுரை வெளியாகி 25 ஆண்டுகள் கழிந்தபின், 1890-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் தம்மைக் கௌரவிப்பதற்காகக் கூடிய சபையில் கெக்குலேயே இதைச் சொன்னாராதலால், இதை வகுப்பில் எடுத்துரைக்கும் ஆசிரியரைக் குறைகூறவும் வழியில்லை. ஆனால், கனவு காணக் கற்றுக்கொள்வோம் என்று அச்சபையோரிடம் கூறிய அதே மூச்சில், விழித்திருக்கும் அறிவினால் சோதித்துத் தேறுவதற்கு முன்பு அக்கனவுகளை வெளியிடாமல் இருக்கவும் வேண்டும் என்று அவர் எச்சரித்திருக்கிறார். அந்த உபதேசத்தின் முற்பாதியை நாம் தலைமுறை தலைமுறையாகக் கையளித்து வருகிறோம், பிற்பாதியைக் கைவிட்டுவிட்டோம்.

இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. கரியணுக்கள் ஆறும் ஒரு வளையத்தில் நிற்கின்றன என்பதை ஒருவர் கனவில் கண்டார், மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், ஆகவே நாமும் அறுகோணத்தை வரைந்து மதிப்பெண் பெறுவோம் என்ற எண்ணம் ஒரு மாணவனுக்கு ஏற்பட்டுவிடுமானால், சாஸ்திர ஞானத்துக்கும் ஸ்தல புராணத்துக்கும் உள்ள வேற்றுமையை அவன் எவ்விடத்தில் கற்றுக்கொள்வான்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரசாயனிகள் ஒரு மூலக்கூற்றையேனும் கண்ணால் கண்டவர்கள் அல்லர்; காணவல்ல கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. தராசு, அடுப்பு, வெப்பமானி, கண்ணாடிக் குழாய் ஆகிய இவற்றைக்கொண்டு பொருள்களை எரித்தும் காய்ச்சி வடித்தும் நிறுத்தும், கிடைத்த பொருள்களை எண்ணியும், நம் தர்க்க நூலார் அனுமானப் பிரமாணம் என்று போற்றிய அந்த ஒரு வழியாலேயே, அணுக்கள் மூலக்கூற்றுக்குள் எவ்விதம் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை அவர்கள் கண்டறிந்தார்கள். மனித புத்தியின் மகத்தான சாதனைகளுள் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன். அதை மாணவர்களுக்குக் காட்டாமல் முடிவை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது அவர்களுக்கு நாம் செய்யும் அநீதி என்பதே இக்கட்டுரையில் நான் சொல்லவந்த விஷயம்.

இந்தச் சரித்திரத்தின் தொடக்கம் ஒரு சச்சரவு. 1820-களில், லீபிக் என்ற இளைஞர் தொட்டாலே வெடித்துச் சிதறும் வெள்ளி ஃபல்மினேட் என்னும் பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தார். வோலர் என்ற மற்றோர் இளைஞர் வெள்ளி சயனேட் என்னும் பொருளை ஆராய்ந்தார்; அதற்கு அந்த வெடிக்கும் குணம் கிடையாது. இருவருடைய பகுப்பாய்வுகளையும் ஒப்பிட்டபோது, வெள்ளி, கரி, நைட்ரஜன், ஆக்ஸிஜன் என்னும் நான்கும் இரண்டு பொருள்களிலும் ஒரே விகிதத்தில் இருப்பதாகத் தெரியவந்தது. இருவரில் ஒருவர் பிழை செய்திருக்க வேண்டும் என்று எவரும் நினைப்பர்; வோலர்தான் பிழைசெய்தார் என்று லீபிக் நினைத்தார். மறுபடி சோதித்தபோது இருவர் கணக்கும் சரியென்றே ஏற்பட்டது. சச்சரவில் எதிர்ப்பட்ட இருவரும் ஆயுட்காலம் முழுவதும் நீடித்த நட்பினராயினர் என்பது சரித்திரம் நமக்கு அருளிய ஓர் உபரி இன்பம். ஒரே உறுப்புகள் ஒரே விகிதத்தில் கூடியும் வெவ்வேறு குணங்களையுடைய பொருள்கள் உண்டாகலாம் என்ற இந்த விசித்திரத்துக்கு ஸ்வீடன் தேசத்துப் பெர்சீலியஸ் 1830-ஐ ஒட்டிப் பெயர் சூட்டினார். அவ்வாறான பொருள்களை நாம் மாற்றியங்கள் என்கிறோம்.

1828-இல் அதே வோலர், அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியாவை உண்டாக்கிய வரலாறு எல்லாப் பாடநூல்களிலும் உண்டு. ஜீவராசிகளின் உடலில் மட்டுமே விளையக்கூடிய பொருளைச் சோதனைச் சாலையில் விளைவித்துவிட்டதால் ஜீவசக்திக் கொள்கை அன்றோடு மாண்டது என்றும் அவை கூறும். ஒரு கொள்கை ஒரே நாளில் மாண்டதாகச் சொல்வது மிகை. அது மெல்ல மெல்லத் தேய்ந்து மறையப் பல ஆண்டுகள் பிடித்தன. என் கருத்தில் அந்தச் சோதனையின் பெரும் பயன் வேறு. அம்மோனியம் சயனேட்டிலும் யூரியாவிலும் அணுக்களின் வகையும் தொகையும் ஒன்றே. வேறுபடுவது அவை நிற்கும் ஒழுங்கு. எத்தனை அணுக்கள் உள்ளன என்று எண்ணிச் சொல்வதோடு ரசாயனியின் கடமை முடிந்துவிடாது, எது எதனோடு சேர்ந்து நிற்கிறது என்றும் அவன் சொல்லியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இத்தகைய சோதனைகளால் ஏற்பட்டது.

நிர்ப்பந்தம் ஏற்பட்டதேயொழிய, அதற்கு விடைகாணும் வழி முப்பது ஆண்டுக்காலம் புலப்படவில்லை. பல அணுக்கள் ஒன்றுசேர்ந்த கூட்டங்கள் ரசாயன மாற்றங்களினூடே கலையாமல் முழுமையாக இடம்பெயர்கின்றன என்று லீபிக்கும் வோலரும் கசப்பு வாதுமை எண்ணெயை ஆராய்ந்து 1832-இல் காட்டினர். ஹைட்ரஜன் இருந்த இடத்தில் குளோரினை நுழைத்தாலும் பொருளின் பொதுக் குணம் மாறுவதில்லை என்று ஃபிரான்ஸில் டூமாவும் லோரானும் வாதித்தனர். மின்குணத்தால் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு தனிமங்கள் ஓரிடத்தில் மாறி நிற்பதாவது என்று பெர்சீலியஸ் கோபித்தார். கரியின் அணு எடை 6 என்பார் சிலர், 12 என்பார் சிலர். ஆக்ஸிஜனுக்கு 8 என்றும் 16 என்றும் இரு கணக்குகள் நடமாடின. ஆதலால் தண்ணீருக்குக்கூட ஒருமித்த வாய்பாடு இல்லை. 1861-இல் கெக்குலே தாம் எழுதிய பாடநூலில், காடியிலுள்ள அஸெடிக் அமிலத்துக்கு அக்காலத்தில் வழங்கிய வாய்பாடுகளைத் திரட்டி அச்சிட்டார். அவை 19 இருந்தன! இந்தக் குழப்பத்தைக் கண்டு, அணுக்களின் உண்மையான அமைப்பை மனிதன் அறியவே முடியாது, வாய்பாடுகளென்பன பொருள்களின் வினைகளைச் சுருக்கிக் குறிக்கும் குறிகளேயன்றி வேறல்ல என்று கெர்கார்ட் போன்ற மேதாவிகளே முடிவுகட்டிவிட்டனர்.

அமைப்பை அறியாமல் எண்ணிக்கையை மட்டும் நம்பினால் நேர்வது என்ன என்பதற்கு, லண்டனில் 18 வயதுப் பெர்கின் 1856-இல் செய்த சோதனை நல்ல சாட்சி. மலைக்காய்ச்சலுக்கு அருமருந்தான குனைனைச் செயற்கையாகச் செய்ய அவர் விரும்பினார். நிலக்கரித் தாரிலிருந்து பெறத்தக்க ஒரு பொருளின் இரண்டு மூலக்கூறுகளோடு ஆக்ஸிஜனைச் சேர்த்துத் தண்ணீரைக் கழித்துவிட்டால், அணுக்கணக்கு குனைனின் கணக்கோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆகவே குனைன் கிடைத்துவிடும் என்று கருதினார். கிடைத்தது குனைனன்று, பழுப்பு நிறக் கசடு. அதைத் தொடர்ந்து அனிலீனைக்கொண்டு முயன்றதில் ஊதாச் சாயம் ஒன்று தற்செயலாகக் கிடைத்து, அவர் பெருஞ்செல்வரானார் என்பது தனிக்கதை. குனைனில் அணுக்கள் எவ்வரிசையில் தொடுக்கப்பட்டுள்ளன என்பது 1908-இல்தான் தெளிவாயிற்று.

இருள் விலகத் தொடங்கியது 1858-இல். கரியணு ஒவ்வொன்றும் நான்கு அணுக்களைப் பிணைக்கும் திறனுடையது, கரியணுக்கள் தம்முள் தாமே கைகோத்துச் சங்கிலியாக நீளவும் வல்லவை என்னும் இரண்டு கருத்துகளை, அவ்வாண்டு, ஒருவரையொருவர் சாராமல் இருவர் வெளியிட்டனர். ஒருவர் கெக்குலே, மற்றவர் ஸ்காட்லாந்து தேசத்துக் கூப்பர். பாரிஸில் வூர்ட்ஸ் என்பவரின் சோதனைச் சாலையில் பணியாற்றிவந்த கூப்பர், தம் கட்டுரையை ஃபிரெஞ்சு விஞ்ஞான சபையில் சமர்ப்பிக்குமாறு அவரிடம் ஒப்படைத்தார். அது காலந்தாழ்ந்து சபை ஏறுவதற்குள் கெக்குலேயின் கட்டுரை அச்சாகிவிட்டது. மனம் வெதும்பிய கூப்பர் வூர்ட்ஸோடு சண்டையிட்டு வெளியேறினார். சீக்கிரத்திலேயே சித்தம் கலங்கினார். 1892-இல் மரிக்கும்வரை முப்பதாண்டுக்கு மேல் தாயாரின் பராமரிப்பிலும் சொந்த ஊரின் மறைவிலும் வாழ்ந்தாரேயன்றி ரசாயனத்தின் பக்கம் திரும்பவே இல்லை. இன்று உலகத்தின் ஒவ்வொரு பாடநூலிலும் அணுக்களுக்கிடையே நாம் இடும் சிறு கோட்டை அன்றே தம் வாய்பாடுகளில் இட்டுக் காட்டிய அந்த மனிதரின் பெயரை நம் மாணவர்கள் எத்தனைபேர் கேட்டிருப்பார்கள்?

1860-ஆம் ஆண்டு செப்டம்பரில் கார்ல்ஸ்ரூ நகரில் நூற்றுக்கு மேற்பட்ட ரசாயனிகள் கூடியதும், இத்தாலியரான கன்னிஸாரோவின் சிறு நூலொன்று அங்கே வழங்கப்பட்டு அணு எடைக் குழப்பம் படிப்படியாகத் தீர்ந்ததும் தெரிந்த விஷயங்கள். அதற்கடுத்த ஆண்டில் ருஷியாவின் கஸான் நகரத்துப் புட்லெரோவ், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு ரசாயன அமைப்புத்தான் உண்டு, அதன் குணங்கள் அவ்வமைப்பைப் பொறுத்தவை, வினைகளை ஆராய்ந்து அவ்வமைப்பை அறியவும் கூடும் என்று உறுதியாக எடுத்துரைத்தார். சொன்னதோடு நில்லாமல், நான்கு கரியணுக்கள் கொண்ட ஆல்கஹால் இந்தக் கொள்கைப்படி நான்கு வகையாக இருந்தாக வேண்டும் என்று கணக்கிட்டு, அவற்றுள் அதுவரை எவரும் அறியாதிருந்த ஒரு வகையைத் தாமே தயாரித்தும் காட்டினார். காகிதத்தில் எண்ணிச் சொன்னது குடுவையில் வந்து நின்றது. கெர்கார்டின் அவநம்பிக்கைக்கு இதைவிடத் தக்க பதில் இல்லை. அதைக் கேட்க அவர்தாம் உயிரோடில்லை, 1856-இலேயே காலமாகிவிட்டார்.

இனி, பென்சீனுக்கு வருவோம். இங்கே வாசகர்கள் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் கையில் எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். ரசாயனப் பயிற்சி எதுவும் தேவையில்லை.

1825-இல் மைக்கேல் ஃபாரடே, விளக்கெரிக்கும் வாயுவிலிருந்து படிந்த எண்ணெயில் பென்சீனைப் பிரித்தெடுத்தார். அதில் கரியணு 6, ஹைட்ரஜன் அணு 6. 1865-இல் கெக்குலே, இந்த ஆறு கரிகளும் வளையமாக நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு ஹைட்ரஜனைத் தாங்குகிறது என்றார். அவர் சொன்னது மெய்தானா என்று அறிவது எப்படி? ஓர் அறுகோணம் வரைந்து, அதன் மூலைகளுக்கு 1 முதல் 6 வரை வரிசையாக எண்ணிடுங்கள். ஆறு மூலைகளும் ஒரே தன்மையவாகையால், ஒரு ஹைட்ரஜனை நீக்கி அங்கே ஒரு புரோமினை வைத்தால் எந்த மூலையில் வைத்தாலும் ஒரே பொருள்தான். உண்மையிலும் ஒரே ஒரு புரோமோபென்சீன்தான் இருக்கிறது. இரண்டு புரோமின்களை வைத்தால்? அவை அடுத்தடுத்த மூலைகளில் நிற்கலாம், இடையே ஒன்று விட்டு நிற்கலாம், நேரெதிரே நிற்கலாம். நான்காவது வகையை எவ்வளவு முயன்றாலும் உங்களால் வரைய முடியாது. உண்மையிலும் மூன்றே டைபுரோமோபென்சீன்கள்தாம் கிடைத்தன.

மூன்று பொருள்கள் மூன்று குப்பிகளில் இருக்கின்றன. மூன்று படங்கள் காகிதத்தில் இருக்கின்றன. எந்தக் குப்பிக்கு எந்தப் படம்? கெக்குலேயிடம் உதவியாளராயிருந்து, பிறகு ஸிஸிலித் தீவின் பலெர்மோ நகரத்துக்குச் சென்ற கோர்னர் என்பவர் 1874-இல் வெளியிட்ட விடை, நான் அறிந்தவரையில் ரசாயனத்தின் அழகிய நிரூபணங்களில் தலையாயது. மூன்றாவதாக ஒரு தொகுதியை நுழைத்துப் பாருங்கள் என்றார் அவர். புரோமின்கள் அடுத்தடுத்து, 1-ஆம் 2-ஆம் மூலைகளில் நிற்பதாகக் கொள்வோம். எஞ்சிய மூலைகள் 3, 4, 5, 6. இவற்றுள் 3-உம் 6-உம் புரோமினுக்கு அடுத்தவை, ஆகவே தம்முள் சமம். 4-உம் 5-உம் தம்முள் சமம். எனவே இரண்டு புதிய பொருள்களே கிடைக்கும். புரோமின்கள் ஒன்று விட்டு, 1-இலும் 3-இலும் நின்றால், 2-ஆம் மூலை இரண்டுக்கும் நடுவிலிருப்பது, தனி. 5-ஆம் மூலை இரண்டுக்கும் எட்ட இருப்பது, தனி. 4-உம் 6-உம் சமம். ஆக மூன்று பொருள்கள். நேரெதிரே, 1-இலும் 4-இலும் நின்றாலோ, எஞ்சிய நான்கு மூலைகளும் ஒரே தன்மையவை. ஒரு பொருளுக்கு மேல் கிடைக்க வழியில்லை. ஆகவே எந்தக் குப்பியிலிருந்து இரண்டு பொருள்கள் பிறக்கின்றனவோ அது அடுத்தடுத்து நிற்பது, ஆர்த்தோ. எதிலிருந்து மூன்று பிறக்கின்றனவோ அது மெட்டா. எதிலிருந்து ஒன்று மட்டும் பிறக்கிறதோ அது பாரா. கோர்னர் பொறுமையாக ஒவ்வொன்றையும் தயாரித்து, சுத்திகரித்து, எண்ணினார். எண்ணிக்கை பொருந்தியது.

இதில் கனவுக்கு இடம் எங்கே? கண்ணுக்கெட்டாத அணுக்களின் நிலையை, குப்பிகளை எண்ணியே ஒரு மனிதர் தீர்மானித்துவிட்டார். பதின்மூன்று வயதுக் குழந்தைக்கும் விளங்கக்கூடிய இந்த யுக்தி நம் வகுப்பறைகளில் அபூர்வமாகவே ஒலிக்கிறது. பாம்போ தவறாமல் வந்துவிடுகிறது.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய மற்றொன்றும் உண்டு. கெக்குலேயின் வளையத்திலும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. கரியின் நான்கு பிணைப்புகளை நிரப்புவதற்காக அவர் ஒன்று விட்டு ஒன்றாக இரட்டைப் பிணைப்புகளை வைத்தார். அப்படியானால், அடுத்தடுத்து நிற்கும் புரோமின்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு உள்ள பொருள் ஒன்றும், ஒற்றைப் பிணைப்பு உள்ள பொருள் ஒன்றுமாக, ஆர்த்தோவிலேயே இரண்டு வகைகள் இருந்தாக வேண்டுமே என்று லாடன்பர்க் ஆட்சேபித்தார். வளையத்துக்கு மாறாக முக்கோணப் பட்டக வடிவம் ஒன்றை 1869-இல் முன்வைத்தார். அந்தப் பட்டகத்திலும் இரண்டு புரோமின்களை வைத்தால் மூன்று வகைகளே கிடைக்குமாதலால், எண்ணிக்கை மட்டும் அதை வீழ்த்தப் போதவில்லை. 1872-இல் கெக்குலே, பிணைப்புகள் இரு நிலைகளுக்கிடையே இடையறாது மாறிக்கொண்டிருக்கின்றன என்று சமாதானம் கூறினார். முழுத் திருப்தி எவருக்கும் ஏற்படவில்லை. (பட்டக வடிவ மூலக்கூறு 1973-இல் உண்மையிலேயே தயாரிக்கப்பட்டது, அது பென்சீனினின்றும் முற்றிலும் வேறான பொருள்.) ஒரு கொள்கை எவ்விடத்தில் வலுவானது, எவ்விடத்தில் ஒட்டுப் போட்டது என்று பிரித்துணரும் பழக்கம் இத்தகைய சர்ச்சைகளைக் கற்பதால் வரும், குறைகளை மறைத்துப் பூசி மெழுகிய பாடத்தினால் வராது.

கோர்னர் வெற்றிகண்ட அதே 1874-இல், 22 வயது டச்சுக்காரர் ஒருவர் அதே எண்ணும் முறையைக் காகிதத் தளத்திலிருந்து மேலே தூக்கி, ஆகாயத்துக்குக் கொண்டுபோனார். அவர் வான்ட் ஹாஃப். மீத்தேனில் கரியைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன்கள் ஒரே தளத்தில் சதுரமாக நிற்குமானால், இரண்டு ஹைட்ரஜன்களை நீக்கிக் குளோரின்களை வைக்கும்போது, பக்கத்தில் பக்கத்தில் ஒன்றும் எதிரெதிரே ஒன்றுமாக இரண்டு பொருள்கள் கிடைக்க வேண்டும். கிடைப்பதோ ஒன்றுதான். நான்கும் ஒரு நான்முகியின் மூலைகளில் நின்றால் மட்டுமே, எந்த இரண்டு மூலைகளும் ஒன்றுக்கொன்று சமமாகி, ஒரே பொருள் கிடைக்கும். மேலும், நான்கு மூலைகளிலும் நான்கு வெவ்வேறு தொகுதிகள் நின்றால், வலக்கையும் இடக்கையும்போல ஒன்றின் பிம்பமாக மற்றொன்று அமைந்த இரண்டு வடிவங்கள் உண்டாகும். நம் வீட்டுப் புளியிலும் உள்ள டார்டாரிக் அமிலத்தின் உப்புகளை 1848-இல் ஆராய்ந்த லூயி பாஸ்டர், பிம்பங்களாக அமைந்த இரு வகைப் படிகங்களைக் கையாலேயே பொறுக்கிப் பிரித்து, ஒன்று ஒளியின் தளத்தை வலப்புறமும் மற்றொன்று இடப்புறமும் திருப்பக் கண்டார் அல்லவா? அந்தப் புதிருக்கும் இங்கே விடை கிடைத்துவிட்டது. ஃபிரான்ஸில் லெ பெல் என்பவரும் இரண்டே மாதங்களில் தனி வழியாக இதே முடிவுக்கு வந்தார்.

இக்கருத்துக்குக் கிடைத்த வரவேற்பை நினைத்தால் நெஞ்சம் வருந்துகிறது. அஸெடிக் அமிலத்தைத் தனிமங்களிலிருந்து உண்டாக்கிப் பெரும்புகழ் பெற்ற முதியவர் கோல்பே, 1877-இல் தம் பத்திரிகையில், யூட்ரெக்ட் மிருக வைத்தியப் பள்ளியில் வேலை பார்க்கும் இந்த இளைஞருக்குத் திட்டமான ஆராய்ச்சியில் ருசியில்லை, கவிகளின் பறக்கும் குதிரை மேலேறி அணுக்களின் ஆகாய சஞ்சாரத்தை வர்ணிக்கிறார் என்னும் பொருள்பட எழுதினார். 1901-இல் ரசாயனத்துக்கு முதன்முதலாக நோபல் பரிசு வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அந்த இளைஞரே. பரிசு வேறு ஆராய்ச்சிக்கு என்றாலும், உலகம் அவரை மதித்த மதிப்பு அது. எமில் ஃபிஷர் அவருடைய கொள்கையைக் கைக்கொண்டு, குளுக்கோஸின் வகையைச் சேர்ந்த சர்க்கரைகள் 16 வடிவங்களில் இருக்கக்கூடும் என்ற கணக்கிலிருந்து, குளுக்கோஸ் அவற்றுள் எது என்பதை 1891-இல் தீர்மானித்தார். ஒரே ஓர் ஐயம் தீரவில்லை: ஒன்றுக்கொன்று பிம்பமான இரண்டில் மெய்யானது எது? அதற்கு அக்காலத்தில் விடைகாண வழியில்லையென்று உணர்ந்து, ஒன்றை அவர் வெறும் வழக்காகக் கொண்டார். அறுபது ஆண்டுகள் கழித்து, 1951-இல், யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் வான்ட் ஹாஃபின் பெயர் தாங்கிய சோதனைச் சாலையில், பைஃபோட் என்பவரும் அவர் துணைவர்களும் டார்டாரிக் அமிலத்தின் உப்பொன்றை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்தபோது, ஃபிஷர் கொண்டது மெய்யே என்று தெரிந்தது.

அனுமானத்துக்குப் பிரத்தியட்சம் சாட்சி சொன்ன மற்றொரு சந்தர்ப்பமும் உண்டு. 1929-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கேத்லீன் லான்ஸ்டேல் அம்மையார், பென்சீன் வளையத்தைத் தாங்கிய ஒரு படிகத்தை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்து, அவ்வளையம் தட்டையான அறுகோணமே என்று நிலைநாட்டினார். கரியணுக்களுக்கிடையே ஒற்றைப் பிணைப்பின் நீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம், இரட்டைப் பிணைப்பின் நீளம் சுமார் 1.34, பென்சீனில் ஆறு பக்கங்களும் சமமாய், இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 1.40. (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.) கெக்குலேயின் வளையம் நின்றது, அவருடைய மாறி மாறி வரும் பிணைப்புகள் நிற்கவில்லை. இந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியில் நம்மவர் ஒருவருக்கும் பங்குண்டு. வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், இத்தகைய தட்டை மூலக்கூறுகள் காந்தப் புலத்துக்குத் திசைக்கேற்ப வெவ்வேறாக இணங்குவதை நுட்பமாக அளந்து, படிகத்துக்குள் அவை எந்தச் சாய்வில் கிடக்கின்றன என்று அறியும் முறையை வளர்த்தார். 1936-இல் லான்ஸ்டேல் அம்மையாரும் அவரும் இணைந்து இதைப்பற்றி ஒரு கட்டுரையும் வெளியிட்டனர். ராமன் விளைவு ஆராய்ச்சியில் துணைவராக மட்டுமே நாம் நினைவுகூரும் அவரை, மூலக்கூறுகளின் அமைப்பை ஆராய்ந்தவர் என்ற முறையிலும் நம் குழந்தைகள் அறிய வேண்டாமா?

இன்று நாம் கற்பிக்கும் முறையில் எனக்குப் பெருங்குறையாகத் தோன்றுவது ஒன்று. கரியணுவின் நான்கு பிணைப்புகள் ஏன் நான்முகி வடிவில் அமைகின்றன என்று கேட்டால், எலக்ட்ரான் மண்டலங்கள் கலந்து இனக்கலப்பாவதால் என்று மாணவர் சட்டென்று விடை சொல்லுவர். எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது 1897-இல். இனக்கலப்புக் கொள்கையைப் பாலிங் வகுத்தது 1931-இல். நான்முகி நிலைபெற்றதோ 1874-இல். ஏற்கெனவே மெய்யென்று தெரிந்த நான்முகிக்கு விளக்கம் தேடியே பாலிங் அக்கொள்கையை வகுத்தார். நாமோ வகுப்பில் விளக்கத்தை முதலில் சொல்லி, உண்மையை அதிலிருந்து பிறந்ததாகக் காட்டுகிறோம். இதனால் கொள்கை உண்மைக்கு அடிமை என்பது போய், உண்மை கொள்கைக்கு அடிமை என்ற தலைகீழான எண்ணம் மாணவர் மனத்தில் வேரூன்றுகிறது.

பழைய சர்ச்சைகளைக் கிளறுவதால் பயன் என்ன, இன்று கருவிகள் சில நிமிஷங்களில் அமைப்பைக் காட்டிவிடுமே என்று கேட்பவர் உண்டு. கருவி காட்டுவது அமைப்பையன்று, கோடுகளையும் சிகரங்களையும். அவற்றிலிருந்து அமைப்பை ஊகிப்பது இன்றும் கோர்னர் செய்த வேலையேதான்: எத்தனை வகையான மூலைகள், எவை தம்முள் சமம் என்று எண்ணுவது. அமைப்பறிவு ஏட்டளவில் நின்ற சமாசாரமும் அன்று. சோழமண்டலக் கரையில் நம் முன்னோர் சாயவேரிலிருந்து எடுத்த சிவப்புக்குக் காரணமான அலிசரினின் அமைப்பை 1868-இல் இரண்டு ஜெர்மானியர் கண்டறிந்து செயற்கையாகச் செய்தனர். அவுரியின் நீலத்துக்குப் பேயர் 1883-இல் அமைப்பு கண்டார், 1897-இல் ஆலைச் சரக்கு சந்தைக்கு வந்தது, இந்தியாவின் அவுரி வியாபாரம் சரிந்தது. அணுக்களின் வரிசையை அறிந்த தேசம், அதை அறியாத தேசத்தின் வயல்களைத் தரிசாக்கிவிட்ட சரித்திரம் இது.

நுழைவுத் தேர்வுகளின் நெருக்கடியில் சரித்திரத்துக்கு அவகாசமில்லை என்பது ஆசிரியர்கள் சொல்லக்கூடிய நியாயமான சமாதானம். நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டுக் காட்டும் தேர்வுக்கு, எவ்வாறு அறிந்தார்கள் என்ற விசாரம் வேண்டியதில்லைதான். ஆனால் நான் கேட்பது சரித்திரம் முழுவதையும் அன்று. கோர்னரின் நிரூபணத்துக்கு ஒரு கரும்பலகையும் இருபது நிமிஷமும் போதும். வான்ட் ஹாஃபின் சதுரமும் நான்முகியும் அதனினும் குறைந்த நேரத்தில் அடங்கும். இவற்றைத் தாமே எண்ணிப் பார்த்த மாணவர், மாற்றியங்களைப் பற்றிய தேர்வு வினாக்களை மனப்பாடம் செய்தவரைவிட விரைவாகவே விடுவிப்பார் என்பது என் திடமான நம்பிக்கை.

ஆகவே பாடநூல் எழுதும் அறிஞர்களுக்கு என் விண்ணப்பம் இது: அடுத்த பதிப்பில் பாம்புக் கனவு இருக்கட்டும், ஆனால் அதற்கு அடுத்த பக்கத்தைக் கோர்னருக்குக் கொடுங்கள், நான்முகியை இனக்கலப்புக்கு முன்னால் வையுங்கள், கூப்பர், புட்லெரோவ், லான்ஸ்டேல், கிருஷ்ணன் ஆகியோரின் பெயர்கள் ஓரிடத்திலேனும் வரட்டும். வினாத்தாள் வகுப்போருக்கும் ஒரு வேண்டுகோள். பென்சீனின் அமைப்பை வரைக என்று கேட்குமிடத்தில், அந்த அமைப்புத்தான் என்று எவ்வாறு அறிந்தனர் என்ற வினாவையும் சேர்த்து, மதிப்பெண்ணில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குங்கள்.